ஊரில் நான்கு வாரம்: ஓய்வுபெற்ற தபால் ஊழியனின் பயணக் குறிப்பு

இலண்டனில் ஒரு தபால் பிரிப்பு நிலையத்தில் 31 ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, 2022ஆம் ஆண்டில், 66ஆவது வயதில் ஓய்வுபெற்றேன். பெரும்பாலும் இரவு வேலைதான். ஊர் உறங்கும் நேரத்தில் நின்றபடியே கடிதங்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் போட்டு, விடியும்போது வீடு திரும்பிய வாழ்க்கை அது. ஓய்வுக்குப் பின் ஊருக்குப் போன முதல் இரண்டு பயணங்களும் ஒரு கலியாணத்துக்கும் அந்தியேட்டி என்னும் ஒரு மரணச் சடங்குக்குமாக ஓடி முடிந்தன. சென்ற மாசியில் மூன்றாவது முறை போய், இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டில், வடமராட்சியில் உள்ள அக்காவின் வீட்டில் நான்கு வாரம் தங்கினேன். இனி ஊரோடு வந்து இருந்துவிடலாமா என்ற கேள்வியோடுதான் இம்முறை போனேன். ஆகையால் புகையிரதம் முதல் தபாலகம் வரை எதைப் பார்த்தாலும், நாளைக்கு இதை நம்பி வாழ வேண்டியவன் என்ற நினைவோடுதான் பார்த்தேன்.

கொழும்பிலிருந்து வான் வண்டியில் நேரே வீட்டு வாசலுக்கு ஏற்றிப் போக மருமகன் ஆயத்தமாக இருந்தும், நான் யாழ்தேவி ரயிலில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். நான் பிறந்ததும் அதே ஆண்டில். கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்த ஐயா மாதத்துக்கு ஒருமுறை அதில்தான் வீட்டுக்கு வருவார். 1990இல் யுத்தம் அந்தப் பாதையை நிறுத்தியது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிப் போயின. 24 ஆண்டுகள் கழித்து, 2014 ஐப்பசியில்தான் ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. இந்தக் கதையை அறிந்தவர்களுக்கு, குறித்த நேரத்தில் ஒரு ரயில் புறப்படுவது சாதாரண விடயமாகத் தோன்றாது. மகன் இணையத்தில் முன்கூட்டியே இருக்கை பதிவு செய்து தந்திருந்தான். என் இடத்தில் தவறுதலாக அமர்ந்திருந்த ஒரு வயதான அம்மாவை, ரிக்கெற் பரிசோதகர் கடிந்துகொள்ளாமல், அவருடைய பையைத் தானே தூக்கிக்கொண்டு போய் உரிய பெட்டியில் இருத்திவிட்டு வந்தார்.

கிளிநொச்சியைக் கடக்கும்போது ஐயா வழக்கமாகச் சொல்லும் ஒன்று நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தார் வணங்கும் யோகர் சுவாமி (1872–1964), துறவு பூணுமுன் இந்தக் கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பணிகளில் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர். சாமான்களை எண்ணி, அடுக்கி, வரவு செலவு எழுதிய கைதான் பின்னால் திருநீறு கொடுத்த கை என்பார் ஐயா. சிறுவயதில் இதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. ஆயிரக்கணக்கான உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முகவரி பார்த்து, உரிய அறையில் போடும் வேலையைப் பல ஆண்டுகள் செய்த பிறகுதான் விளங்கியது. அந்த வேலையில் மனம் ஒன்றிப் போகும் ஒரு நேரம் உண்டு. நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கு வரும். கோயிலில் கண்மூடி நிற்கும்போதுகூட எனக்கு அந்த அமைதி எப்போதும் கிட்டியதில்லை.

வடமராட்சியார் யாழ்ப்பாணம் வரை போவதில்லை. கொடிகாமத்தில் இறங்கி, பருத்தித்துறைப் பஸ்ஸில் ஏறுவார்கள். நானும் அப்படியே ஏறி, மாலையில் வீடு போய்ச் சேர்ந்தேன்.

இரண்டாவது வாரம் அக்காவை எங்கள் பகுதி அரசாங்க வைத்தியசாலைக்குக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அக்காவுக்கு 74 வயது. சீனி வருத்தமும் பிறஷரும் உண்டு. காலை ஆறு மணிக்கே ஓட்டோவில் போய், கிளினிக் கொப்பியைக் கொடுத்து, இலக்கம் வாங்கிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தோம். முறை வர ஏறக்குறைய நான்கு மணி நேரமானது. இருந்த நோயாளர் தொகையைப் பார்த்தபோது, ஒருவரையும் திருப்பி அனுப்பாமல் பார்த்து முடித்ததே எனக்குப் பெரிதாகப்பட்டது. வைத்தியரும் இலவசம், இரத்தப் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். 2022இல் நாடே எரிபொருள் வரிசையில் நின்ற காலத்திலும் இந்தக் கதவு மூடப்படவில்லை என்று அக்கா சொன்னார்.

மருந்து கொடுக்கும் யன்னலில் நான் கண்ட ஒன்றை மறக்க மாட்டேன். அக்காவின் கண்ணில் ஒன்றுக்குப் புரை விழுந்திருக்கிறது. மருந்து எடுத்துக் கொடுத்த பிள்ளை, அக்கா கடதாசிப் பையைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து வாசிக்க முயல்வதைப் பார்த்துவிட்டு, "தாங்கோ அம்மா" என்று திரும்ப வாங்கி, தடித்த பேனாவால் ஒரு பையில் சூரியனும் மற்றதில் பிறையும் பெரிதாக வரைந்து கொடுத்தாள். பின்னால் நீண்ட வரிசை நின்றது; அவளுக்கு அதற்குச் செலவானது அரை நிமிடம். முகவரி தெளிவாக இருந்தால் கடிதம் பாதி வழி போய்விட்டது என்று எங்கள் நிலையத்தில் புதிதாக வருவோருக்குச் சொல்வோம். அந்தப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு மாறான அனுபவம் ஒன்றும் உண்டு. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். 55 வயதைக் கடந்தவர்கள் வயதைக் காட்டியே அதற்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான ஆவணங்களைச் சேர்க்க ஓர் அரச அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. பிறப்புச் சான்றிதழில் உள்ள என் பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் ஓர் எழுத்தில் வேறுபட்டிருந்தன. 1956இல் பதிவாளர் காதால் கேட்டு எழுதியதும், பிற்காலத்தில் நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததும் ஒத்துப்போகவில்லை. முதல் நாள், பிரதி போதாது, மூலம் வேண்டும் என்றார்கள். மூலத்தோடு போன நாளில் உரிய உத்தியோகத்தர் விடுமுறை. மூன்றாம் முறை போனபோதுதான் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வர வேண்டும் என்ற செய்தி எனக்குக் கிடைத்தது. யாரும் கடுமையாகப் பேசவில்லை. எல்லாரும் "ஐயா" என்றே அழைத்தார்கள். என்ன தேவை என்பதை முதல் நாளே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்திருந்தால் இரண்டு நாளும் அவற்றுக்கான ஓட்டோக் கூலியும் மிஞ்சியிருக்கும். எனக்கு அது பெரிய இழப்பில்லை. என்னோடு வாங்கில் இருந்த ஒருவர் கட்டைக்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். அவரும் திரும்பித்தான் போனார். அதை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

தெரிந்த ஆளைப் பிடித்தால் ஒரு நாளில் முடியும் என்று உறவினர்கள் இருவர் சொன்னார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள், ஆனாலும் நான் சம்மதிக்கவில்லை. தபாலிலும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற வேறுபாடு உண்டு. அது உறையின் மேல் முத்திரையாக, எல்லாரும் காணும்படி ஒட்டியிருக்கும். யாருடைய மகன் எழுதிய கடிதம் என்று பார்த்து முன்னுக்கு எடுத்து வைக்கும் வழக்கம் எங்களிடம் இருந்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற நாங்கள் இந்தக் குறுக்கு வழியை நாடும் ஒவ்வொரு முறையும், கட்டைக்காட்டுக்காரர் இன்னொரு நாள் கூலியை இழக்கிறார். புறப்படுமுன்பே பிறப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பதே என் போன்றவர்களுக்கு நான் சொல்லக்கூடியது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்குப் போனேன். ஆற்றங்கரையில் மீன்பிடித்துக்கொண்டிருந்த மருதர் கதிர்காமர் என்பவரிடம் முருகன் வேலைக் கொடுத்து, கதிர்காமத்து முறையில் பூசை செய்யச் சொன்னதாக ஐதீகம். அதனால் இங்கே பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திர ஒலியின்றிப் பூசை செய்வார். மூலத்தில் இருப்பது வேல். ஆலமிலையில் அமுது படைப்பார்கள். எங்கள் ஊரார் இந்தக் கந்தனை அன்னதானக் கந்தன் என்பார்கள். கோயிலைச் சுற்றியுள்ள மடங்களில் வருகிறவருக்கெல்லாம் சோறு கிடைக்கும். பெயர் கேட்பதில்லை, காசு கேட்பதில்லை, சமயமும் கேட்பதில்லை. வாயைக் கட்டிக்கொண்டு ஒருவர் கருமமே கண்ணாகத் தம் தொழிலைச் செய்வதைப் பார்க்கும்போது, எனக்கு எங்கள் இரவு வேலைக் கூடத்தின் நினைவு வந்துகொண்டே இருந்தது. இதைச் சொன்னால் சிலர் ஏற்க மாட்டார்கள் என்று தெரியும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

பூசை முடிந்து மடத்தில் பந்தியில் இருந்தேன். வாழையிலையில் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, வெண்டிக்காய்ப் பால்கறி. பதினாறு, பதினேழு வயதுப் பொடியன் ஒருவன் வாளியோடு வந்து, "இன்னும் போடட்டோ ஐயா?" என்றான். இலைக்கு மேலே கையைப் பிடித்து, "காணும் தம்பி" என்றேன். போதும் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது. சொன்ன பிறகுதான், அந்தச் சொல்லை வாயால் சொல்லி எத்தனை காலமாகிவிட்டது என்று உறைத்தது.

இலண்டனில் நான் "காணும்" என்று சொன்னதில்லை. 1987 முதல் நான்கு ஆண்டுகள் பெற்றோல் நிலையத்தில் காசாளர், அதன்பின் 31 ஆண்டுகள் தபால். தம்பியைக் கனடாவுக்கு அனுப்ப வாங்கிய கடன், தங்கைகளின் சீதனம், பிறகு வீட்டுக்கடன் என்று ஓவர்டைம் எப்போது கேட்டாலும் ஓம் என்றேன். கடன்கள் தீர்ந்த பிறகும் ஓம் என்றேன். வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பிள்ளைகளின் பாடசாலை விழாக்கள் பலவற்றை அதனால் காணாமல் விட்டேன். அந்தக் கணக்கை இப்போது யாரிடம் கொடுத்து நேராக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவின் கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1995 ஐப்பசி முடிவில், யுத்தத்தால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, எங்கள் வீட்டிலும் தெரிந்தவர் தெரியாதவராக 23 பேர் வந்து தங்கினார்கள். அந்தக் கடிதம் இலண்டனுக்கு வந்து சேர மூன்று மாதமானது. உலகத்தின் கடிதங்களையெல்லாம் இரவோடு இரவாகப் பிரித்து அனுப்பிய என்னால், அந்த ஒரு கடிதத்தை ஒரு நாளாவது முந்தி வரச் செய்ய முடியவில்லை. அதில் அம்மா எழுதியிருந்தார்: "அரிசி காணும், நீ யோசியாதே." 23 பேர் இருந்த வீட்டில் அவருக்குக் காணுமாக இருந்திருக்கிறது.

ஊரில் வந்து இருப்பதென்றால் எனக்குக் காணுமா என்று சந்நிதியிலிருந்து வந்த இரவு கணக்குப் பார்த்தேன். பிரித்தானிய அரச ஓய்வூதியத்தை முழுமையாகப் பெற 35 ஆண்டு பங்களிப்பு வேண்டும். என்னிடம் சரியாக அது இருக்கிறது. ஆனால் இலங்கையில் குடியேறி வசிப்பவர்களுக்கு அந்தத் தொகை ஆண்டுதோறும் உயர்வதில்லை. அங்கே போன காலத்தில் பெற்ற தொகையிலேயே நின்றுவிடும். ஊருக்குத் திரும்ப நினைக்கும் பலர் இதை அறியாமல் இருக்கிறார்கள், அறிந்துகொள்வது அவசியம். பத்து ஆண்டுகளில் அதன் பெறுமதி எவ்வளவு குறையும் என்று பென்சிலால் எழுதிப் பார்த்தேன். குறைந்த பிறகும் அக்காவும் நானும் மனைவியும் மீனும் சோறும் சாப்பிட்டு, மாதம் ஒருமுறை சந்நிதிக்கும் கிளினிக்குக்கும் போய்வரக் காணும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆண்டுதோறும் விமானம் ஏறத்தான் காணாது. ஆகவே முற்றாகப் பெயர்வதை விட்டு, குளிர்காலத்தில் சில மாதங்கள் ஊரில் இருப்பது என்ற முடிவுக்கு வந்தேன்.

அதை மனைவிக்குத் தொலைபேசியில் சொல்லாமல் கடிதமாக எழுதி, எங்கள் உப தபாலகத்துக்குக் கொண்டுபோனேன். ஒரே அறை, ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு மின்விசிறி. முதியோர் கொடுப்பனவு எடுக்க வந்த இருவருக்கு உப தபாலதிபர் அம்மா காசை எண்ணி, அவர்கள் கையிலேயே மறுபடி எண்ண வைத்து, கைநாட்டுக்கு விரலைப் பிடித்து உதவினார். பிறகு என் உறையை வாங்கி நிறுத்தார். நானும் தபாலில் இருந்தவன் என்று சொன்னேன். "அப்ப நீங்களும் எங்கட ஆள்தானே ஐயா" என்றவர், முத்திரைக் கட்டையை மையில் ஒற்றி, பழைய கடதாசியில் ஒருமுறை குத்திப் பார்த்து, திகதியைச் சரிபார்த்து, அதன் பிறகே என் உறையில் அழுத்தினார்.

நான் இலண்டனுக்குத் திரும்பி ஆறாவது நாள் அந்தக் கடிதம் வந்தது. மனைவி பிரிக்குமுன் வாங்கி, யன்னலடியில் பிடித்துப் பார்த்தேன். எங்கள் ஊரின் பெயரையும் திகதியையும் மூக்குக்கண்ணாடி இல்லாமலே வாசிக்க முடிந்தது.