தோள்வலிக்கு ‘கேஸ் இழுக்கும் பெல்ட்’: யாரும் வாங்கிவிடாதீர்கள்

பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் (சின்னத் துளைகள் வழியே செய்யும் ஆபரேஷன்) எடுத்து இன்று ஒன்பதாம் நாள். பாதி மாதச் சம்பளம் போன வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் நாலு சின்னத் தையல், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அன்று இரவு இரண்டு மணிக்கு வலது தோள்பட்டை குத்த ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்தால் உயிர் போகிறது. வெட்டியது வயிற்றில், தோள் ஏன் வலிக்கிறது? பயந்துபோய் போனில் தேடியதில் வலிக்கருவிகள் விற்கும் ஓர் ஆன்லைன் கடை கண்ணில் பட்டது. சாட்டில் ஒருவர், “வலது தோள்தானே? படுத்தால் கொஞ்சம் குறையுமே?” என்றார். விழுந்தது அங்கேதான். நான் சொல்லாமலே சொல்கிறாரே, டாக்டராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். வயிற்றில் தங்கிய கேஸ்தான் காரணமாம், அவர்கள் விற்கும் பெல்ட்டைக் கட்டினால் ஒரு மணி நேரத்தில் அதை இழுத்துவிடுமாம். பாதி மாதச் சம்பளத்தை அந்த நிமிடமே அனுப்பினேன்.

தோள்வலி நாலாம் நாளே போய்விட்டது. பார்சல் ஆறாம் நாள் வந்தது. உள்ளே போன் மாதிரி அதிரும் ஒரு துணிப்பட்டை. கட்டிப் பார்த்தேன், தொப்புள் தையலில் உரசியதுதான் மிச்சம்.

பணத்தைக் கேட்டேன். “பிரித்த மருத்துவப் பொருளைத் திரும்ப எடுப்பதில்லை.” அப்புறம், “புகார் பரிசீலனையில் உள்ளது.” அப்புறம், “புகார் தீர்க்கப்பட்டது.” யாருக்குத் தீர்ந்தது? நேற்று கேட்டால், “வலி போய்விட்டதல்லவா சார்?” என்கிறார்கள்!

இன்று தையலைக் காட்டப் போனபோது நர்ஸ் சிரித்துவிட்டார். ஆபரேஷனில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றை உப்பவைப்பார்களாம். மிச்சக் கேஸ் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்தினால், நரம்புத் தொடர்பால் வலி தோளில் தெரியும். நிறையப் பேருக்கு வருவதுதான். உடம்பே அதை உறிஞ்சி மூச்சில் வெளியேற்றிவிடும், பெரும்பாலும் சில நாளில். வெளியே கட்டும் பெல்ட் எதை இழுக்கும்? இதெல்லாம் டிஸ்சார்ஜ் தாளின் பின்பக்கத்திலேயே இருந்தது. நான்தான் ஸ்கேன் கவருக்குள் மடித்து வைத்துவிட்டேன்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடங்கள். வலி ஏறட்டும் என்று காத்திருக்காமல், எழுதிக் கொடுத்த பாரசிட்டமாலை நேரத்துக்குப் போடுங்கள், அளவு மீறாமல். இருமும்போது வயிற்றோடு தலையணையை அணைத்துப் பிடியுங்கள். காய்ச்சல், கண்ணில் மஞ்சள், மூச்சுத்திணறல், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி என்றால் உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி இரண்டு மணிக்குச் சந்தேகம் வந்தாலும் அங்கேயே கூப்பிடுங்கள், கடைக்காரனிடம் கேட்காதீர்கள்.

நான் இப்போது வங்கிக்குப் போன் போடப் போகிறேன். பாதி மாதச் சம்பளம், சும்மா விட மனசு வரவில்லை.