ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் ‘மாதத் தவணை’ என்றால் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்

வடபழனி, அசோக் நகர் பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புகார் நிலுவையில் இருப்பதால் இன்ஸ்டிட்யூட்டின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்யும் முறை தெரிந்தால் போதும், போர்டில் எந்தப் பெயர் இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

என் தங்கை பி.காம். ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் எழுத்துத் தேர்வில் தேறி, பேசச் சொன்ன ரவுண்டில் விழுந்தாள். அதனால்தான் கிளாஸ் தேடினோம். கட்டணம் ரூ.24,000. மொத்தமாக முடியாது என்றதும் கவுன்சிலர் பெண் சிரித்துக்கொண்டே, “பரவாயில்ல சார், மாசம் ரெண்டாயிரம் கட்டுங்க, வட்டியே கிடையாது” என்றார். என் ஆதார், பான் கார்டு, பாஸ்புக் எல்லாம் வாங்கி அவர்களுடைய டேப்பில் என்னென்னவோ நிரப்பினார்கள். “ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க சார், சீட்டு கன்ஃபார்ம் ஆயிடும்.”

கன்ஃபார்ம் ஆனது கடன். ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி என் பெயரில் கொடுத்த கடன், நேராக இன்ஸ்டிட்யூட் கணக்குக்குப் போய்விட்டது. மாதாமாதம் என் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கவும் அனுமதி வாங்கிக்கொண்டார்கள். முழுப் பணமும் முன்பே கைக்கு வந்துவிட்டால் அப்புறம் ஒழுங்காகக் கிளாஸ் நடத்த அவர்களுக்கு என்ன அவசரம்?

ஆரம்பத்தில் ஒரு இளைஞர் நன்றாகவே நடத்தினார், குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சம்பளம் வரவில்லையாம், நின்றுவிட்டார். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். மட்டும்தான். “எங்கள் ஆராய்ச்சிக் குழு தேர்ந்தெடுத்த 2000 சொற்கள்” என்று ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். அதில் ஏர் உழுவதற்கு ‘ப்ளவ்’ இருந்தது, ‘கம்ப்யூட்டர்’ இல்லை! ஓ.எம்.ஆர். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு! தேடிப் பார்த்தால், ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட் என்ற அடிப்படை ஆங்கிலச் சொற்பட்டியலை ஏ, பி, சி வரிசையில் அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். அதைப் புதுப்பித்து 2013இல் வந்த நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட் இணையத்தில் இலவசம். சுமார் 2800 சொற்கள், எது அதிகம் புழங்குகிறதோ அது முதலில். தங்கை இப்போது அதைத்தான் வைத்திருக்கிறாள்.

தினசரி வாக்கியங்கள் என்று வந்த பி.டி.எஃப். இன்னும் மோசம். ‘வாட் இஸ் யுவர் குட் நேம்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘டிஸ்கஸ் அபௌட்’. நம்மூரில் இப்படிப் பேசினால் யாருக்கும் புரியாமல் போகாது, நானும் ஆபீசில் பேசுகிறவன்தான். ஆனால் வெளிநாட்டுக் கஸ்டமரிடம் போனில் பேசும் வேலைக்குத் தேர்வு வைக்கிறவர்கள் தப்பு என்று குறித்து வைத்துக்கொள்வது இவற்றைத்தான். ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்று அச்சடிக்க என்ன செலவு? இன்டர்வியூவில் அவள் திணறியதே கேள்வி சரியாகக் காதில் விழாததால்தான். ‘சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?’ என்று கேட்டிருந்தால் சமாளித்திருப்பாள். அந்த மாதிரி ஒரு வரி அத்தனை பி.டி.எஃப்.பிலும் இல்லை. பி.பி.சி. லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் இதெல்லாம் ஒலியோடு இலவசமாகவே கிடைக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் “மேனேஜர் சார் வெளியூர்ல இருக்காரு.” கொஞ்ச நாளில் ஷட்டரையே இறக்கிவிட்டார்கள். தவணை மட்டும் நிற்காமல் போகிறது.

இதே நிலையில் இருப்பவர்கள் கோபத்தில் கணக்கைக் காலியாக வைக்காதீர்கள். தவணை பவுன்ஸ் ஆனால் அபராதமும் விழும், அடுத்த கடனுக்கு பேங்க் பார்க்கும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். முதலில் கடன் கொடுத்த கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) ஆன்லைனிலேயே போகலாம். ஆப் வழியாகக் கொடுக்கும் கடனுக்கு, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற விவரத்தாளை முன்பே தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளச் சிறு அவகாசமும் உண்டு, ஆனால் வாங்கிய அசலையும் அதுவரையிலான வட்டியையும் நாம்தான் திருப்ப வேண்டும். எங்களுக்குத் தாளும் தரவில்லை, அவகாசத்தைப் பற்றி மூச்சும் விடவில்லை.

இன்ஸ்டிட்யூட் மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தேன். தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஒரே பிரச்சினை உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தும் மனு போடலாம். அதனால் அந்த பேட்ச்சில் படித்தவர்கள் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், தவணை பிடித்த பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் எடுத்து வைத்துவிட்டு என்னிடம் பேசுங்கள். புத்தகத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.