கழற்றி மாட்டும் கேமரா: ஹாசல்பிளாட் 500சி/எம், பல வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

என்னுடைய ஹாசல்பிளாட்டின் இரண்டு ஃபிலிம் பேக்குகளும் (ஃபிலிமை வைத்துக் கேமராவின் பின்னால் மாட்டும் கூடுகள்) பழுது பார்க்கப் போய் இப்போதுதான் திரும்பி வந்திருக்கின்றன. சரியாக இந்த நேரத்தில் ஒரு நண்பன் போன் செய்தான். "பழைய ஸ்டூடியோ ஒண்ணை மூடுறாங்கடா. ஹாசல்பிளாட் செட் விலைக்கு வருது. பாடி, 80, 150, ரெண்டு பேக், ஒரு ப்ரிசம். வாங்கலாமா?" 80, 150 என்பவை லென்ஸ்களின் மி.மீ. அளவு, ப்ரிசம் என்பது குனியாமல் பார்க்க மேலே மாட்டும் பாகம். போனில் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருப்பதை எழுதாவிட்டால் கேமராவுக்கும் அநியாயம், அவனுக்கும் அநியாயம். 120 ஃபிலிம், 6×6 செ.மீ. சதுரச் சட்டகம், கீழே குனிந்து பார்க்கும் வ்யூஃபைண்டர் இதெல்லாம் தெரிந்தவர்களுக்காகத்தான் இது. அடிப்படைகளுக்குள் போகவில்லை.

இந்தக் கேமராவில் 'பாடி' என்று கையில் இருப்பது ஏறக்குறைய வெறும் பெட்டி. உள்ளே ஒரு கண்ணாடி, சில பல்சக்கரங்கள், பின்பக்கம் திறந்து மூடும் இரண்டு கதவுகள், அவ்வளவுதான். ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. ஃபிலிம் பின்னால் மாட்டும் பேக்குக்குள் இருக்கிறது. பார்ப்பதற்கான பாகம் மேலே, சுற்றுவதற்கான கைப்பிடி பக்கவாட்டில். எதைக் கழற்றவும் ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். விக்டர் ஹாசல்பிளாட் 1948-இல் கொண்டுவந்த முதல் மாடலான 1600எஃப்-இல் ஷட்டர் பாடிக்குள்தான் இருந்தது. அது ஓயாமல் தொல்லை கொடுத்தது. 1957-இல் 500சி வந்தபோது ஷட்டரை லென்ஸுக்குள் தள்ளிவிட்டார்கள். 1970-இல் வந்த 500சி/எம்-இல் ஃபோகஸ் திரையையும் நாமே மாற்றிக்கொள்ளலாம்.

ஷட்டரை லென்ஸுக்குள் வைத்த அந்த ஒரு முடிவால் கிடைத்த லாபத்தை இன்றைக்கும் அனுபவிக்கிறேன். லென்ஸுக்குள் இருக்கும் இலை ஷட்டர் (இலை போன்ற தகடுகள் நடுவிலிருந்து திறந்து மூடுவது) 1/500 வினாடி வரை எந்த வேகத்திலும் ஃப்ளாஷோடு ஒத்துப்போகும். அதே காலத்து 35 மி.மீ. கேமராக்கள் பலவற்றில் 1/60-க்கு மேல் போனால் பாதிப் படம் இருட்டாகிவிடும். உச்சி வெயிலில் ஆளை நிறுத்தி, 1/500 வைத்து, ஃப்ளாஷ் அடித்தால் வானத்தின் நீலமும் நிற்கும், கண்குழியின் நிழலும் போகும். வெயிலை விட்டால் வேறு வெளிச்சமே இல்லாத நம்ம ஊரில் ஆட்களைப் படம் எடுப்பவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்த ஒன்றுக்காகவே அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. படம் எடுத்ததும் கண்ணாடி மேலேயே நின்றுவிடும், திரை இருண்டுபோகும், அடுத்த படத்துக்குச் சுற்றினால்தான் மறுபடி தெரியும். பலருக்கு இது குறை. எனக்கு அந்த இருட்டு பிடிக்கும். வேறு வழியில்லாமல் தலையை நிமிர்த்தி எதிரில் நிற்பவரைப் பார்ப்பேன். அடுத்த நல்ல முகம் பெரும்பாலும் அப்போதுதான் கிடைக்கும்.

ஆனால் இதே முடிவுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒவ்வொரு லென்ஸ் வாங்கும்போதும் ஒரு ஷட்டரையும் சேர்த்து வாங்குகிறோம். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிழடாகும். அலமாரியில் கிடந்தால் உள்ளே எண்ணெய் இறுகி, ஒரு வினாடி என்பது ஒன்றரை வினாடியாக இழுக்கும். பழைய சி வகை லென்ஸில் இருக்கும் காம்பூர் ஷட்டருக்கு உதிரி பாகம் தேடுவது பெரும்பாடு. 1982-க்குப் பிறகு வந்த சிஎஃப் வகை இந்த விஷயத்தில் தேவலை. லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடிப்பது தனிக் கவலை. கடலோர ஊர்க்காரர்கள் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவை மறந்தால் லென்ஸையும் மறந்துவிட வேண்டியதுதான்.

கழற்றி மாட்டும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு இருக்கிறது. லென்ஸின் ஷட்டர் ஏற்றிய நிலையில், அதாவது அடுத்த படத்துக்கு ஸ்ப்ரிங்கை முறுக்கி வைத்த நிலையில், இருந்தால்தான் லென்ஸ் கழன்று வரும். பாடியும் ஏற்றிய நிலையில் இருந்தால்தான் அடுத்த லென்ஸை மாட்டலாம். இரண்டும் ஒத்துப்போகாமல் எப்படியோ மாட்டிக்கொண்டால் மொத்தமும் இறுகிப்போகும். பேக்கைக் கழற்றி, பின்கதவுகளைத் தள்ளி, நீளமான ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு, லென்ஸின் பின்னால் இருக்கும் சின்னத் தண்டை வலப்பக்கம் திருப்ப வேண்டும். விவரம் தெரியாதவர் கைப்பிடியைப் பலவந்தமாகச் சுற்றினால் பல்சக்கரம் போய்விடும். மெதுவான வேகங்களில் ஷட்டர் முழுசாக மூடும்வரை பட்டனை அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டும். விட்டால் பின்கதவு முந்திக்கொண்டு மூடி வெளிச்சத்தை வெட்டிவிடும். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. பாகங்களைப் பிரித்து வைத்தால் அவற்றுக்கு இடையே ஒரு ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றும் பொறுப்பு படம் எடுப்பவன் தலையில் விழுகிறது.

பேக்கிலும் இதே கதைதான். டார்க் ஸ்லைடு என்கிற மெல்லிய இரும்புத் தகடு உள்ளே இருந்தால்தான் பேக் கழலும். அது உள்ளே இருக்கும்வரை பட்டன் அழுந்தாது. யோசித்தால் அப்பழுக்கில்லாத ஏற்பாடு. ஆனால் உருவிய தகட்டை எங்கே வைப்பது? பிற்காலப் பேக்குகளின் முதுகில் அதைச் செருக ஒரு இடம் கொடுத்தார்கள். என்னுடைய இரண்டிலும் அது இல்லை. சட்டைப் பையில் வைத்தால் குனியும்போது நழுவும், பேன்ட் பையில் வைத்தால் உட்காரும்போது வளையும். வளைந்த தகட்டை ஒவ்வொரு முறை செருகும்போதும் உள்ளே வெளிச்சத்தைத் தடுக்கும் பஞ்சும் மெல்லிய படலமும் தேயும். வயதாலும் அந்தப் பஞ்சு பிசுபிசுத்துப் பொடியாகும். அப்புறம் நெகட்டிவின் ஒரே ஓரத்தில் கறுப்புக் கோடு, பிரிண்டில் வெள்ளைக் கீற்று. என் பேக்குகள் பழுதுக்குப் போனது இதனால்தான்.

பழுது பார்த்தவர்கள் பஞ்சு வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கசிவு முழுசாக நின்றுவிட்டது. ஆனால் முதல் ரோலைக் கழுவி உலர்த்திப் பார்த்தால் படங்களுக்கு நடுவே இடைவெளி தாறுமாறாக இருந்தது. ஓரிடத்தில் ஒரு விரல் அகலம், அடுத்த இடத்தில் நூல் அளவு. இன்னோரிடத்தில் இரண்டு படங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பேக்குகளைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. இரண்டின் உள்கூட்டையும் மாற்றிப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏ12 பேக் (ஒரு ரோலில் 12 படம் எடுப்பது) என்பது வெளிக்கூடு ஒன்று, ஃபிலிமைச் சுற்றிப் போடும் உள்கூடு ஒன்று. இரண்டும் ஜோடியாகச் செய்யப்பட்டவை. வெளிக்கூட்டின் எண்ணில் உள்ள கடைசி மூன்று இலக்கம் உள்கூட்டிலும் பொறிக்கப்பட்டிருக்கும். வேறு ஜோடியோடு போட்டாலும் மாட்டிக்கொள்ளும், சுற்றும், படமும் விழும். இடைவெளிக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. அந்த எண்ணைப் பார்த்து மாட்ட ஒரு நிமிஷம்கூட ஆகாது. இதையே தொழிலாகச் செய்பவர்கள் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அந்த முதல் ரோலில் இருந்தவை ஒரு குடும்பத்தின் படங்கள். அவர்களை மறுபடி அப்படி ஒன்றாக உட்காரவைக்க முடியாது.

கோபம் ஆறிய பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் எதோடும் மாட்டலாம் என்பதே இந்த அமைப்பின் பெருமை. மாற்றக் கூடாத ஒரே ஒரு பாகம் மட்டும் ஏன் மற்றதைப் போலவே மாட்டிக்கொள்கிறது? தப்பான நிலையில் லென்ஸைக் கழற்ற விடாத அத்தனை பூட்டுகளை யோசித்தவர்கள் இங்கே மட்டும் மூன்று இலக்கத்தை நம்பிவிட்டார்கள். உள்கூடுகளை இடம் மாற்றிப் போட்டேன். அடுத்த ரோலில் இடைவெளி ஒழுங்காக வந்துவிட்டது. பேக்குகள் மீது குற்றம் இல்லை.

எண் என்றதும் ஒரு சந்தோஷமான விஷயம். தயாரித்த வருஷத்தை எண்ணின் முன்னால் இரண்டு எழுத்துகளாகப் போட்டிருப்பார்கள். 'வி.எச். பிக்சர்ஸ்' (VH PICTURES) என்பதில் உள்ள பத்து ஆங்கில எழுத்துகளும் வரிசையாக 1 முதல் 9, கடைசியில் 0. முதல் இரண்டு எழுத்துகள் விக்டர் ஹாசல்பிளாட்டின் பெயருக்கானவை. என் பேக் ஒன்றில் யூ, ஆர். அதாவது 1978.

இந்தப் பேக்குகள் ஊரில் இல்லாத நாட்களில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணன் ஒருவர் தன்னுடையதைக் கொடுத்தார். அது தொண்ணூறுகளில் வந்தது. என் பாடி எழுபதுகளில் வந்தது. சத்தமே இல்லாமல் பொருந்தியது. முன்பு 80-இன் ஷட்டர் இழுத்தபோது லென்ஸை மட்டும் அனுப்பிவிட்டு 150-ஐ வைத்து வேலையைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். பிரித்து மாட்டும் கேமராவின் அருமை படம் எடுக்கும் இடத்தில் பாகங்களை மாற்றுவதில் இல்லை. அங்கே நான் மாற்றுவதே அபூர்வம். ஒரு பேக்கில் கலர், இன்னொன்றில் கறுப்பு வெள்ளை, பாதி ரோலில் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மையிலேயே பெரிய வசதிதான், கல்யாணங்களில் அது கைகொடுத்திருக்கிறது. மற்றபடி 80-ஐ மாட்டினால் அன்றைக்கு அதுதான். ப்ரிசம் எடை தாங்காமல் அலமாரிக்குப் போய்விட்டது. அருமை எல்லாம் ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் அனுப்புவதில் இருக்கிறது, மற்றவை உயிரோடு இருப்பதில் இருக்கிறது. நிலவுக்குப் போனவர்கள் திரும்பும்போது எடை குறைக்க ஃபிலிம் இருந்த பேக்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, ஹாசல்பிளாட் கேமராக்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். இப்படிப் பிரித்துச் செய்ததற்கு இதைவிடப் பெரிய சான்று இருக்க முடியாது.

டிஜிட்டல் பேக் போடலாமே என்று கேட்பார்கள். போடலாம். 503சிடபிள்யூ மாடலின் தயாரிப்பு 2013-இல் நின்றதோடு இந்த வரிசை முடிந்துவிட்டாலும், ஹாசல்பிளாட்டின் டிஜிட்டல் பேக்குகளான சிஎஃப்வி II 50சி, 2024-இல் வந்த சிஎஃப்வி 100சி இரண்டும் 1957-இலிருந்து வந்த பெரும்பாலான பாடிகளில் உட்காரும். கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் ஃபிலிமில் 56 மி.மீ. சதுரம், அந்த டிஜிட்டல் பேக்கின் சென்சாரோ 43.8×32.9 மி.மீ. செவ்வகம். சதுரம் போய்விடும், 50 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலமான பார்வையும் போய்விடும். பேக்கின் விலையில் என் மொத்த செட்டையும் பல தடவை வாங்கலாம். எனக்கு வேண்டாம்.

நண்பனிடம் போனில் சொன்ன ஒரு வார்த்தை, "வாங்காதே". மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டும் அதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. அவனுக்கு வேண்டியது சதுரப் படமும் வெயிலில் ஃப்ளாஷும். யாஷிகா மேட் 124ஜி போன்ற இரட்டை லென்ஸ் கேமராவில் 80 மி.மீ. லென்ஸ், இலை ஷட்டர், 1/500 வரை ஃப்ளாஷ், அதே 6×6 எல்லாம் ஒரே உடலில் இருக்கின்றன. தகடு இல்லை, பூட்டு இல்லை, ஜோடி எண் இல்லை. அதன் லென்ஸ் ஹாசல்பிளாட்டில் இருக்கும் ட்சைஸ் லென்ஸ் அளவுக்கு வராது, அது தெரிந்ததுதான். "அப்போ உன்னோடதை எனக்கே குடுத்துடு" என்றான். கொடுக்க மாட்டேன் என்றேன். அவனுக்குக் கோபம். நியாயமான கோபம்தான்.

என் பேச்சைக் கேட்காமல் அவன் போய்ப் பார்க்கத்தான் போகிறான். ஒவ்வொரு லென்ஸையும் ஒரு வினாடியில் வைத்துக் காதால் கேட்கட்டும். டார்ச் அடித்து ஃபங்கஸ் பார்க்கட்டும். பேக்கைக் கழற்றிவிட்டுப் பட்டனை அழுத்தி, பின்கதவுகள் இரண்டும் ஒன்றாகத் திறக்கின்றனவா என்று பார்க்கட்டும். பஞ்சு எப்படியும் மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசட்டும். பேக்குகளைத் திறந்து உள்கூட்டின் மூன்று இலக்கத்தை வெளிக்கூட்டோடு ஒப்பிடட்டும். ஒரே ஸ்டூடியோவில் இரண்டு பேக்குகளும் பல வருஷம் ஓடியிருந்தால் இடம் மாறிப் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்படியென்றால் மாற்றிப் போட்டாலே போதும். இரண்டிலும் எண் பொருந்தாவிட்டால் பேக்குக்கென்று கேட்கும் விலையில் பாதிகூட அவன் கொடுக்கக் கூடாது.