பெல்ட் மட்டுமா, பம்ப்பும் சேர்த்தா?

என் ரெனோ டஸ்டர் டீசல் வண்டிக்கு டைமிங் பெல்ட் மாற்றும் நேரம் வந்தபோது சேலத்தில் மூன்று இடங்களில் விலை கேட்டேன். கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பழைய மெக்கானிக், பானெட்டைக்கூடத் திறக்காமல், "பெல்ட்ட மட்டும் மாத்துனா போதுங்க, மத்ததெல்லாம் ஓடும்" என்றார். அஸ்தம்பட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெல்ட், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை), கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), அதைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் என்று எழுதித் தந்தார்கள். மூன்றாவது இடத்தில் கொடுத்த தாளில் பதினொரு வரி. தெர்மோஸ்டாட், என்ஜின் மவுன்ட், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் அதில் இருந்தன. முதல் தொகையைப் போல நாலு மடங்கு கடைசித் தொகை.

எது சரி என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். மூவரில் யாரும் ஏமாற்றவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆளுக்கொரு பயம், அவ்வளவுதான்.

இந்த பெல்ட் கிராங்க்கையும் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) கட்டிப்போடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அந்தக் கணக்கு ஒரு பல் தவறினாலே என்ஜின் தடுமாறும். பெல்ட் அறுந்தால் மேலே வரும் பிஸ்டன், திறந்து நிற்கும் வால்வை இடித்து வளைத்துவிடும். அப்புறம் ஹெட்டை இறக்காமல் வேலை இல்லை. மலைப்பாதைக்காரர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த என்ஜினில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப் கேமோடு சுற்றுகிறது. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பெல்ட் போனால் கேம் நிற்கும், வேக்குவமும் நிற்கும். மிச்சமிருப்பதை வைத்து இரண்டு மூன்று முறை பிரேக் மிதிக்கலாம். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

சரி, எதை மாற்றுவது? ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு கேள்விகளால் சலித்துப் பார்த்தேன். இது கெட்டால் புது பெல்ட்டையும் கூடவே கொண்டுபோகுமா? இதைப் பிறகு மாற்ற வேண்டுமென்றால் பெல்ட்டை மூடியிருக்கும் அதே கவரை மறுபடியும் கழற்ற வேண்டுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

டென்ஷனரில் எனக்குத் தயக்கமே இல்லை. உள்ளே இருப்பது கிரீஸ் அடைத்து மூடிய பேரிங். பெல்ட் ஓடிய தூரம் முழுக்க அதுவும் ஓடியிருக்கிறது, மீண்டும் கிரீஸ் போட வழியில்லை. சில என்ஜின்களில் இதோடு ஒன்றிரண்டு ஐட்லர்களும் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளைகள்) இருக்கும். அவற்றுக்கும் இதே நியாயம். பேரிங் இறுகினால் பெல்ட் உரசிச் சூடேறும், ஆடினால் பெல்ட் ஓரத்துக்கு நகர்ந்து நார் நாராகப் பிரியும். "பெல்ட் மட்டும்" என்ற யோசனை என் கணக்கில் இங்கேயே தோற்றுவிட்டது. பழைய தேரில் புது வடம் கட்டுகிற கதை அது. பெரும்பாலான கம்பெனிகள் பெல்ட்டையும் டென்ஷனரையும் ஒரே பெட்டியில் கிட்டாக விற்பதும் சும்மா இல்லை.

அந்தப் பழைய மெக்கானிக்கைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் கை பழகியது மாருதி 800 காலத்தில். அதில் வாட்டர் பம்ப்பைச் சுற்றியது வெளியே தெரிந்த ஃபேன் பெல்ட். பம்ப் கெட்டாலும் டைமிங் பெல்ட்டை அது இழுத்துக்கொண்டு போகாது. அந்த வண்டிக்கு அவர் சொன்னது ஓரளவு செல்லும். என் வண்டியில் உள்ள 1.5 டிசிஐ என்ஜினில் பம்ப்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். ஃபோக்ஸ்வாகன் 1.5 டிடிஐ, ஃபோர்டு 1.5 டிடிசிஐ இரண்டிலும் அப்படியே. அதனால் "பம்ப் மாத்தணுமா" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. உங்கள் பம்ப்பை எந்த பெல்ட் சுற்றுகிறது என்று முதலில் கேளுங்கள். டைமிங் செயின் உள்ள வண்டிக்காரர்கள் (பழைய ஸ்விஃப்ட்டின் 1.3 டீசல் மாதிரி) இந்தத் தலைவலியிலேயே இல்லை.

பம்ப்புக்கு எதிராக வைக்கும் வாதம் ஒன்றுதான்: நன்றாக ஓடுகிற பொருளை எதற்குக் கழற்ற வேண்டும்? நியாயமான கேள்விதான். பம்ப்பில் உள்ள சீல் தேய்ந்தால் ஒரு சின்னத் துளை வழியாகக் கூலன்ட் சொட்டும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமே என்பார்கள். சொட்டுவது எங்கே என்பதுதான் சிக்கல். மூடிய கவருக்குள், பெல்ட்டுக்குப் பக்கத்தில். வெளியே தரையில் பச்சையோ சிவப்போ தெரிவதற்குள் பெல்ட் நனைந்திருக்கும். பேரிங் இறுகினால் இன்னும் மோசம், பம்ப் நின்றுவிடும், பெல்ட்டின் பற்களைச் சிரைத்துவிடும். பம்ப்பின் விலை, அங்கே போய்ச் சேரும் கூலியைவிடக் குறைவு. வலது பக்க மவுன்ட்டைக் கழற்றி, என்ஜினுக்கு ஜாக் கொடுத்து, புல்லியை எடுத்து, லாக் பின் போட்டு டைமிங்கைப் பூட்டி என்று அரை நாள் வேலை அது. அதையே இரண்டு முறை செய்ய நான் தயாராக இல்லை. பம்ப் மாற்றினால் கூலன்ட்டும் புதிது ஊற்ற வேண்டும், அதைத் தனிச் செலவாக எண்ணாதீர்கள். எப்படியும் ஊற்ற வேண்டியதுதான்.

ஃபேன் பெல்ட் என் சல்லடையைக் கொஞ்சம் குழப்பியது. (ஃபேன் எப்போதோ கரன்டுக்கு மாறிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை.) ஆல்டர்னேட்டரையும் ஏசியையும் இழுக்கும் அந்த வரிப் பட்டையை எப்போது வேண்டுமானாலும் தனியாக மாற்றலாம், டைமிங் கவரைத் தொட வேண்டாம். அப்படியென்றால் விட்டுவிடலாமா? கூடாது. இது கிழிந்தால் அதன் நார் கிராங்க் புல்லிக்குப் பின்னால் புகுந்து கவருக்குள் போய் டைமிங் பெல்ட்டைப் பல் தாண்ட வைக்கும். ரெனோ டீசலில் இது தெரிந்த சங்கதி. இரண்டாவது கேள்விக்கு இல்லை என்ற பதில் வந்தாலும் முதல் கேள்விக்கு இவ்வளவு பலமாக ஆமாம் என்று வந்தால் மாற்றிவிடுவது நல்லது. அதன் டென்ஷனரையும் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே கிராங்க் புல்லி போல்ட். இறுக்கும்போதே நீண்டு பிடிக்கும் வகை அது, மறுமுறை போட்டால் அதே பிடி கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஒரு போல்ட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஆயில் சீல்தான் (தண்டு ஓரமாக ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) உண்மையான சண்டை. கிராங்க் முன்சீல், கேம் சீல் இரண்டுமே கவருக்குள் இருப்பவை. கசிந்தால் ஆயில் பெல்ட்டில் படும், ரப்பர் ஊறி உப்பும். சல்லடை இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்கிறது. ஆனால் நான் மூன்றாவதாக ஒன்று கேட்டேன்: மாற்றுகிற கை எப்படிப்பட்டது? பழைய சீலை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்கும்போது தண்டில் ஒரு கீறல் விழுந்தால், காய்ந்திருந்த இடம் அன்றிலிருந்து ஒழுகத் தொடங்கும். சீலைச் சாயாமல் இறக்கும் டூல் இருக்கிறதா என்று மற்ற இரண்டு இடத்திலும் கேட்டேன். ஒருவர் எடுத்துக் காட்டினார். இன்னொருவர், "சாக்கெட் வச்சுத் தட்டிடுவோங்கண்ணா" என்றார். தட்டுகிற இடத்தில் காய்ந்த சீலைத் தொடவிடாதீர்கள். டூல் உள்ள இடத்தில், லேசாக ஈரம் தெரிந்தாலோ வண்டிக்குப் பத்து வருடம் ஆகியிருந்தாலோ மாற்றிவிடலாம்.

தெர்மோஸ்டாட், ஹோஸ், மவுன்ட் மூன்றையும் அந்தப் பதினொரு வரியிலிருந்து அடித்துவிட்டேன். மவுன்ட்டை எப்படியும் கழற்றுகிறார்கள், ரப்பர் கிழிந்திருந்தால் அப்போது போன் செய்யட்டும்.

கம்பெனி டப்பாவா வெளி மார்க்கெட்டா என்று மச்சான் கேட்டான். அவனுக்கு ஏற்காட்டில் காபித் தோட்டம், வாரத்தில் நாலு நாள் மலை ஏறி இறங்குகிறவன். கேட்ஸ், கான்டிடெக், ஐஎன்ஏ மாதிரி பெயருள்ள கிட் எனக்குப் போதும். பெல்ட் ஒரு கடையில், டென்ஷனர் வேறு கடையில் என்று பொறுக்கிச் சேர்ப்பதுதான் ஆகாது. விலை நம்ப முடியாத அளவுக்கு இறங்கினால் அது போலி.

ஆனால் அவனுக்கு நான் சொன்ன முக்கியமான விஷயம் கிலோமீட்டர் கணக்கு. கையேட்டில் கிலோமீட்டர், வருடம் இரண்டும் போட்டிருக்கும், எது முந்துகிறதோ அது. மலைக்காரனுக்கு அந்தக் கிலோமீட்டர் பொய் சொல்லும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏறினால் என் வண்டி ஏறக்குறைய 2,000 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு என்ஜின் சுற்றும் சுற்று) காட்டும். ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு நிமிஷம், 4,000 சுற்று. பைபாஸில் ஐந்தாம் கியரில் 80-இல் போனால் சுமார் 1,800 ஆர்பிஎம். ஒரு கிலோமீட்டருக்கு 45 நொடி, 1,350 சுற்று. அதே ஒரு கிலோமீட்டருக்குப் பெல்ட் மூன்று மடங்கு ஓடியிருக்கிறது. அவனை நான் கையேட்டுக் கிலோமீட்டரில் முக்கால் பங்கிலேயே மாற்றச் சொல்லியிருக்கிறேன். சேலத்துக்குள் மட்டும் ஓட்டும் என் அப்பாவின் வண்டிக்கோ கிலோமீட்டர் சேரவே சேராது, அதற்கு வருடம்தான் கணக்கு.

கடைசியில் அஸ்தம்பட்டியிலேயே விட்டேன். கிட், பம்ப், கூலன்ட், ஃபேன் பெல்ட், போல்ட். கிராங்க் சீலில் ஈரம் இருந்ததால் அதுவும். கேம் சீல் காய்ந்திருந்தது, தொடவில்லை. பழைய பாகங்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். பம்ப்பை விரலால் சுற்றினேன், வழுவழுவென்று சுற்றியது. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். டென்ஷனரைச் சுற்றினேன், மணலை அரைப்பதுபோல் கரகரவென்றது.