பேரியர் போன முகத்துக்கு எது: வாஸ்லினா, செராமைடா, தேங்காய் எண்ணெயா?

வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது. போன வாரம் வரை ஒத்துக்கொண்ட கிரீம் இன்று சுள்ளென்கிறது. கழுவிய ஐந்தாவது நிமிடம் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஸ்கின் பேரியர், அதாவது தோலின் காப்புச் சுவர், அடிவாங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சாலிசிலிக் அமிலம், ரெட்டினால், வைட்டமின் சி என்று வீரியமான சீரம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்ததுதான் பெரும்பாலும் காரணம். இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும். தோல் விரும்பும் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 5-ஐ ஒட்டியது. எலுமிச்சை 2-க்குப் பக்கம், சோடா 8-க்கும் மேல்.

மேல்தோலின் கடைசி அடுக்கை செங்கல் சுவர் என்று பாடப்புத்தகமே சொல்லும். செத்த செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்பு சாந்து. அந்தச் சாந்தில் ஏறக்குறைய பாதி செராமைடு, கால்வாசி கொலஸ்ட்ரால், மிச்சத்தில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் எரிச்சல் உள்ளே வரும். ஆகவே எந்தப் பொருளை எடுத்தாலும் கேட்க வேண்டியது இதுதான்: ஈரத்தைப் பிடித்து வைக்கிறதா, ஆவியாகாமல் மூடுகிறதா, சாந்தை நிரப்புகிறதா?

மூடுவதில் வாஸ்லினுக்கு நிகர் இல்லை. 1872-ல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்ப்ரோ காப்புரிமை வாங்கிய அதே பெட்ரோலியம் ஜெல்லிதான். தோல் வழியே ஆவியாகும் நீரை 98 சதவீதம் வரை தடுக்கும் என்று தோல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன; சாதாரண எண்ணெய்கள் 20, 30 சதவீதத்தோடு நின்றுவிடும். மேலே மூடி மட்டும் போடுகிறது, தோலை மூச்சுவிட விடாது என்பது பழைய பயம். அது மேலடுக்குக்குள் இறங்குகிறது, தோல் தானே சரியாவதைத் தடுப்பதில்லை. தண்ணீர் கலக்காத பொருள் என்பதால் கெட்டுப்போகாமல் காக்கும் பிரிசர்வேட்டிவ் தேவையில்லை, ஆகவே எரிகிற முகத்திலும் அனேகமாக எரியாது. வாசனையோ நிறமோ சேர்த்த டப்பாவை மட்டும் தவிர்க்கவும்.

சிக்கல் நம் வெயிலில் இருக்கிறது. மே மாதச் சென்னையில் பகலில் பூசினால் வியர்வை அடியில் தங்கி வியர்க்குரு கிளம்பும், தூசியும் ஒட்டும். ஆகவே இரவில், அதுவும் ஒரு பச்சைப் பட்டாணி அளவு. விரல் நுனியில் உருக்கி, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். அடியில் அமிலமோ ரெட்டினாலோ இருக்கவே கூடாது. மூடினால் அதன் வீரியமும் எரிச்சலும் கூடும்.

செராமைடு கிரீம் சாந்தையே நிரப்ப வருகிறது. ஆனால் லேபிளைப் பார்க்காமல் வாங்கினால் காசு வீண். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் 3:1:1 விகிதத்தில் சேர்ந்தால் பழுது வேகமாக ஆறுகிறது, மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆறுவது தாமதப்படலாம் என்று 1996-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே செராமைடு என்பி, ஏபி, ஈஓபி என்று வரிசையாகப் போட்டிருந்தாலும் கொலஸ்ட்ரால் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். பட்டியலில் ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பிரிசர்வேட்டிவ் எங்கே வருகிறது என்றும் பாருங்கள். அது வழக்கமாக ஒரு சதவீதத்தைத் தாண்டாத பொருள், ஆகவே அதற்குப் பிறகு வருபவையும் அதற்குள்தான் இருக்கும். பல கிரீம்களில் செராமைடு அங்கேதான் ஒதுங்கியிருக்கும். பூசியதும் கிடைக்கும் இதத்தில் பெரும்பங்கு அதே டியூபில் முன்வரிசையில் இருக்கும், ஈரம் பிடிக்கும் கிளிசரினுக்கும் மேலே மூடும் டைமெத்திகோனுக்கும் சேர வேண்டியது. கிரீம் மோசம் என்று இதற்குப் பொருளில்லை. பகலில் பிசுபிசுக்காமல் பூச இதைவிட நல்லது கிடைப்பது கஷ்டம். விலை மூன்று மடங்கு என்பதற்காக மூன்று மடங்கு வேலை செய்யாது, அவ்வளவே.

தேங்காய் எண்ணெய் பற்றி இரண்டு பக்கமும் சத்தம் அதிகம். கரப்பான் (எக்ஸிமா) உள்ள 117 குழந்தைகளை வைத்து பிலிப்பைன்ஸில் எட்டு வாரம் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், வெர்ஜின் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலை முந்தியது. கை, கால், முதுகுக்குத் தாராளமாகப் பூசலாம். முகம் வேறு கதை. பரு வரும் தோலில் துளைகளை அடைக்கும். அதோடு மலாசீசியா என்ற பூஞ்சைக்கு இதிலுள்ள லாரிக் அமிலம் தீனி. நெற்றியில் ஒரே அளவில், அரிப்போடு, பொரிப்பொரியாகக் கிளம்பினால் எண்ணெயை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஆலிவ் எண்ணெயில் ஒலிக் அமிலம் மிகுதி; அது சாந்தின் அடுக்கைக் கலைப்பதால் பழுதான தோலுக்கு வேண்டாம். நல்லெண்ணெயிலும் ஒலிக் கணிசமாக உண்டு, எண்ணெய்க் குளியலையும் ஆறும்வரை ஒத்திப்போடலாம்.

சோற்றுக் கற்றாழை குளிர்ச்சி தரும், ஈரம் தரும், மூடாது. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் எரிச்சல் கிளப்பும். அதை வடியவிட்டுக் கழுவாமல் பூசுவதுதான் வழக்கமான தப்பு.

யாரும் பேசாத ஒன்று மெடிக்கல் ஷாப்பில் கிடக்கிறது: ஒயிட் சாஃப்ட் பாரஃபின் 13.2 சதவீதம், லைட் லிக்விட் பாரஃபின் 10.2 சதவீதம் என்று அச்சிட்ட வெள்ளை கிரீம். பல கம்பெனிகள் போடுகின்றன. வாஸ்லின் செய்யும் வேலையைப் பிசுக்கில்லாமல் முக்கால்வாசி செய்யும். பாத்திரம் துலக்கி வெடித்த கைக்கும் வறண்ட காலுக்கும் எங்கள் ஓட்டு இதற்கே. முகத்துக்கு, கடலோர ஊரில் ஏசி இல்லாமல் இருப்பவர் பகலில் செராமைடு லோஷன், இரவில் உரிகிற இடத்தில் மட்டும் வாஸ்லின். ராத்திரி முழுக்க ஏசியில் தூங்குபவரும் ஊட்டி, கொடைக்கானல்காரரும் லோஷனுக்கு மேல் வாஸ்லினை முகம் முழுக்கப் பூசலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பூசும் முறை தப்பினால் பலன் பாதிதான். சோப்புக் கட்டியின் பிஎச் 9, 10. அதை விட்டுவிட்டு சோப்பில்லாத கிளென்சரை இரவில் ஒரே ஒரு முறை பயன்படுத்தவும். காலையில் தண்ணீர் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியாக ஒரு சொம்பு குடிதண்ணீரில் அலசுவது உதவும். துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள் கிரீம். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் அப்படி இரண்டரை வேண்டும். பலர் இதில் பாதிகூடப் பூசுவதில்லை. வெளியே போனால் ஜிங்க் ஆக்ஸைடு சன்ஸ்கிரீன்.

ரிப்பேர் என்று எழுதிய நாலு சீரத்தை ஒரே நேரத்தில் அடுக்குவது அடுத்த தவறு. நியாசினமைடு (வைட்டமின் பி3) 2 முதல் 5 சதவீதம் போதும், 10 சதவீதம் பலருக்கு எரியும். பாத வெடிப்புக்கான யூரியா கிரீமை முகத்துக்குக் கொண்டு வராதீர்கள். எரிச்சல் ஒரு வாரத்தில் தணியலாம், தோல் முழுதாகத் தேற நான்கு வாரமாவது பிடிக்கும். எரிச்சல் அறவே நின்று இரண்டு வாரம் ஆன பிறகு பழைய பொருள்களில் ஒன்றை மட்டும், வாரம் இரண்டு இரவு.

நிறத்தை வெளுப்பாக்கும் என்று சொல்லி வாங்கிய டியூபில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டசோன் என்று எதுவும் இருந்து, அதை மாதக்கணக்கில் பூசியிருந்தால் இந்த ஒப்பீடு உங்களுக்கு இல்லை. அது ஸ்டீராய்டு. சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும், அந்தச் சிவப்பை வாஸ்லினோ செராமைடோ அடக்காது. எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதைத் தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீர் வடிந்து மஞ்சளாகப் பொருக்கு கட்டினாலும் கிருமித் தொற்று இருக்கலாம், அதற்கும் அவரிடமே போங்கள்.