புரதத்தீன்: குட்டிகளுக்கு வாங்கலாம், பெரிய ஆடுகளுக்கு வேலிக் கதியால் இருக்கிறது

மருதனார்மடம் தாண்டிச் சுன்னாகம் போகிற பக்கத்தில் உள்ள ஒரு தீன் கடையில் வாங்குகிற, புரதம் கூட்டிய ஆட்டுத்தீனைப் பற்றி எழுதுகிறேன். 25 கிலோ பை. புரதம் 16 சதவீதம் என்று பையில் அடித்திருக்கிறது. என் வளவில் நிற்பவை ஜமுனாபாரிக் கலப்பு மறிகள் (பெட்டை ஆடுகள்). பால் மறந்த குட்டிகளுக்காகத்தான் இதை வாங்கத் தொடங்கினேன்.

16 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். தேங்காய்ப் புண்ணாக்கிலேயே 20 சதவீதத்துக்குக் கிட்டப் புரதம் இருக்கிறது. வேலியில் கதியாலாக, உயிர்மரமாக நிற்கிற சீமைக்கிளுவைக் குழையும், ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், அதற்குக் குறையாது. பிறகு எதற்குக் காசு? மூன்று மாதக் குட்டியின் வயிறு சின்னது. பச்சைக் குழையில் முக்கால்வாசி தண்ணீர்தானே, வயிறு நிறைந்துவிடும், சத்துப் போதாது. வளருகிற வயதில் வேண்டிய புரதம், மாச்சத்து, கல்சியம் எல்லாம் இரண்டு கைப்பிடியில் உள்ளே போவதுதான் இந்தத் தீனின் வசதி.

தவிட்டை மட்டும் நம்பி வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தவிட்டில் பொசுபரசு அதிகம், கல்சியம் குறைவு. நலமடித்த (விதை நீக்கிய) கிடாய்களுக்குச் சலம் அடைக்கிற கல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தப் பையில் கல்சியம் சேர்த்திருப்பதை நான் புரதத்துக்குச் சமமாக மதிக்கிறேன்.

சரி, குட்டி ஏறியதா? ஏறியது. சாக்குக்குள் விட்டுத் தொங்குதராசில் நிறுப்பேன், தலை மட்டும் வெளியே நீட்டிக் கத்தும். முன்பு மாதம் இரண்டு கிலோ போட்டதே பெரிது. இப்போது மூன்றைத் தாண்டுகிறது. ஆனால் தீன் தொடங்க முன்பே மிருக வைத்தியரிடம் கேட்டுப் பூச்சிமருந்து கொடுத்துவிட்டேன், அதன் பங்கும் இதற்குள் இருக்கும். குடலில் பூச்சியை வைத்துக்கொண்டு புரதம் போட்டால் பூச்சிக்குத்தான் விருந்து. இன்னொன்று, முதல் நாளே தட்டு நிறையக் கொட்டக் கூடாது. ஒரு கிழமை, பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால்தான் வயிறு பழகும். அவசரப்பட்டால் வயிறு ஊதும், கழியும்.

கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளை. குட்டிகளுக்கு ஆகாத யூரியா கலந்திருக்கா என்று கேட்டதற்குப் பையைத் திருப்பிக் காட்டி, "இல்லை அக்கா, இது குட்டிக்குப் போடுற சாமான். மாட்டுத்தீன் எண்டா பார்த்துத்தான் வாங்கோணும்" என்றான். விற்கிறவன் இப்படி விபரம் சொல்வது அருமை. கோழித்தீனை ஆட்டுக்குப் போடலாம் என்று தள்ளிவிடுகிற கடைகளும் இருக்கின்றன, நம்ப வேண்டாம்.

குறைக்கு வருவோம். பையின் அடியில் மாவு அதிகம். குட்டி மூக்கால் ஊதிவிட்டு, சொண்டால் கட்டையான குறுணலை மட்டும் பொறுக்கித் தின்னும்; மாவைத் தொடாது, தும்மும். நான் அதை அரித்தெடுத்துக் கஞ்சித்தண்ணியில் குழைத்து மறிகளுக்கு வைக்கிறேன். அப்புறம், மாரிகாலத்தில் வாங்கிய ஒரு பையில் மூலையில் பூஞ்சணம் கட்டியிருந்தது. கடையில் நிலத்தோடு அடுக்கி வைத்திருந்தார்கள், பலகை இல்லை. பேசாமல் மாற்றித் தந்தார்கள், அது வேறு விடயம். ஐப்பசி, கார்த்திகையில் வாங்கினால் அங்கேயே பையைத் தூக்கி அடியை மணந்து பாருங்கள். பூஞ்சணம் பிடித்த தீன் ஈரலைக் கெடுக்கும், சினை ஆட்டுக்கு இன்னும் கூடாது.

விலை அடிக்கடி மாறுவதால் எழுதவில்லை. புண்ணாக்கை விட நிச்சயம் கூட. ஆகவே எல்லா ஆட்டுக்கும் போட்டுக் கட்டுப்படியாகாது. குட்டிகள், சினையின் கடைசி மாதங்களில் நிற்கிற மறிகள், இரட்டைக் குட்டிக்குப் பால் கொடுக்கிறவை, இவ்வளவுக்கும் போதும். மற்றவற்றுக்குக் கதியாலில் வெட்டுகிற சீமைக்கிளுவையும் பூவரசும், கொஞ்சம் இப்பிலிப்பிலும் போடுகிறேன். இப்பிலிப்பிலை மட்டும் அளவோடு, அதையே முழுத்தீனாகக் கொடுத்தால் மயிர் கொட்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அரைப்பையாகவும் விற்றால் இரண்டு குட்டி வளர்க்கிற வீடுகளும் வாங்கும். தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.