நெல்லிக்குப்பம் சாலைக்கு ஒரு சைக்கிள்

இந்தத் தடவை ஊரில் ஆறு வாரம் இருந்தேன். அக்டோபர் நடுவில் வந்தவன் நவம்பர் கடைசியில்தான் நெதர்லாந்துக்குத் திரும்பினேன். பேங்க் வேலை, ஆதாரில் முகவரி மாற்றம், அம்மாவுக்குக் கண் பரிசோதனை எல்லாம் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தன. நாள் பிடித்தது ஒரு சைக்கிள் வாங்கிய வேலைதான். மழைக்காலத்தில் கிராமத்துச் சாலையில் தினமும் சைக்கிளில் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அக்கா மகள் டி.ஃபார்ம் முடித்துவிட்டு கடலூர் பக்கத்து நெல்லிக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வீடு மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு நடைக்கு 7 கிலோமீட்டர். முதல் மூன்று கிலோமீட்டர் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே போகும் ஊர்ச்சாலை. அப்புறம் கடலூர்–பண்ருட்டி மெயின் ரோடு. கடை அடைத்துவிட்டு ராத்திரி எட்டரைக்குக் கிளம்பினால் ஊருக்குள் போகிற பஸ் இல்லை. ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன் என்றேன். “வேணாம் மாமா, பெட்ரோலுக்குன்னு தனியா எடுத்து வைக்கணும். மழையிலயும் போற மாதிரி நல்ல சைக்கிளா ஒண்ணு பாருங்க” என்றாள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவள், கால் பழகியிருக்கிறது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மூன்று கடை, புதுச்சேரியில் இரண்டு கடை பார்த்தோம். எங்கே போனாலும் முதலில் காட்டியது ஒரே மாதிரிதான்: 21 கியர், முன்னால் சஸ்பென்ஷன், இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், பட்டையான டயர். மட்கார்டு கிடையாது, கேரியர் கிடையாது, ஸ்டாண்டு தனிக்காசு. விற்கிற பையனைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டு வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்தச் சாலைக்கு அது சரிப்படாது. மேடே இல்லாத கடலோரச் சமவெளியில் 21 கியருக்கு வேலையே இல்லை. பின்சக்கரத்துப் பல்லடுக்கும் செயினும் திறந்தபடி இருந்தால் ஐப்பசி மழையில் தெறிக்கும் சேறு முழுக்க அங்கேதான் போய் உட்காரும். விலை குறைந்த சஸ்பென்ஷன் எடையைக் கூட்டும், இரண்டு மழைக்காலத்தில் துருவேறி இறுகிவிடும். டிஸ்க் தகடு கொஞ்சம் வளைந்தாலும் உரசிக்கொண்டே வரும். அதை நிமிர்த்த ஊருக்குள் ஆள் வேண்டும்.

நான் பதினாலு வருஷமாக மழையிலேயே சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். நெதர்லாந்தில் மனிதர்களைவிட சைக்கிள்கள் அதிகம். அங்கே அன்றாடம் வேலைக்குப் போக ஓட்டுவது பார்ப்பதற்கு நம் அப்பா தலைமுறை ஓட்டிய கறுப்பு சைக்கிள் மாதிரியே இருக்கும்: நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில்பார், முழு நீள மட்கார்டு, செயினை முழுசாக மூடும் கவர், கனமான கேரியர். சக்கரத்தில் இருக்கும் வால்வுகூட பெரும்பாலும் நம் ஊர் பழைய வகைதான். கியர் இருந்தாலும் பின்சக்கரத்தின் நடு உருளைக்குள்ளேயே ஒளிந்திருக்கும், மழை அதைத் தொடாது. பிரேக்கும் நிறைய சைக்கிளில் மூடிய டிரம்முக்குள்தான்.

சரி, அதற்குக் கிட்டத்தில் ஊரில் என்ன கிடைக்கும் என்று பார்த்தோம். கியர் இல்லாத, இரும்பு ஃபிரேம் போட்ட, முழு செயின் கவர் உள்ள லேடீஸ் சைக்கிள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று நான்கு இடத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். இடைவெளி குறைந்தால் எங்கள் பக்கத்துக் களிமண் உள்ளே அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். துப்பட்டா சிக்காமல் பின்சக்கரத்துக்கு வலையும் வாங்கிப் போட்டோம்.

டயர் விஷயம் ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த வகை சைக்கிளின் டயரில் 26 x 1⅜ என்று அச்சிட்டிருக்கும். பட்டை டயர் சைக்கிளில் 26 x 1.95 என்று இருக்கும். இரண்டும் 26தானே என்று மாற்றிப் போட முடியாது. முதலாவது உட்காரும் ரிம்மின் குறுக்களவு 590 மில்லிமீட்டர், இரண்டாவதுக்கு 559. அவசரத்துக்கு யாரையாவது கடைக்கு அனுப்பினால் ‘இருபத்தாறு’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். டயர் ஓரத்தில் இருக்கும் எண்ணை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

பூட்டு, வலை, விளக்கு எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய் ஆனது. கடை பெயர் வேண்டாம். சைக்கிள் பெட்டியில் பாதி கோத்ததாகத்தான் கடைக்கு வருகிறது. மிச்சத்தைக் கடையில் பூட்டித் தருகிறார்கள். அன்று சாயங்காலக் கூட்டத்தில் இருபது நிமிஷத்தில் பூட்டித் தள்ளிவிட்டார்கள். நாலாம் நாள் ராத்திரி, கரும்புக் கொல்லை நடுவில், இடது பெடல் கழன்று விழுந்துவிட்டது. அவள் மூன்று கிலோமீட்டர் இருட்டில் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் வந்து நின்றபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை மெயின் ரோட்டில் புளியமரத்தடியில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். பெடல் மாட்டுகிற இரும்புக் கையான கிராங்கை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். “பாருங்க தம்பி, மரையெல்லாம் மழுங்கிப் போச்சு. கோணலா ஏத்தி இருக்கான். எடது பெடலுக்கு எதிர் மரை, எதிர்ப் பக்கமா சுத்தி ஏத்தணும். கையால நாலு சுத்து ஏறாம ஸ்பானர் வைக்கவே கூடாது.” துளைக்குள் விரலை விட்டேன், வழவழவென்றிருந்தது, இரும்புத் தூள் நகக்கண்ணில் ஒட்டியது. கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, எங்கேயாவது மோதியிருப்பீர்கள் என்றார். மரையைக் காட்டிய பிறகு கிராங்கும் பெடலும் மாற்றித் தந்தார், பூட்டித் தர ஆள் இல்லை என்றார். பெரியவரே பூட்டினார்.

அதோடு விடவில்லை அவர். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டை ஓரத்தில் சாக்பீஸைப் பிடித்தார். ரிம்மில் ஒரே பக்கம் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த இடத்துக் கம்பிகளை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிளைக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று திருகித் திருகிக் கோட்டம் எடுத்தார். அப்புறம் அச்சைக் கழற்றி உள்ளே உருளும் பால்ஸைப் பார்த்தார். புது சைக்கிளில் கிரீஸ் பேருக்குத்தான் இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் நிறைய வைத்து மூடினார். இரண்டு மணி நேரம். 250 ரூபாய் கேட்டார். 400 கொடுத்தேன், 300 எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு மாசம் ஓடின பிறகு கம்பி கொஞ்சம் தளரும், மறுபடி கொண்டு வாங்க என்றார். இனிமேல் ஊரில் யார் சைக்கிள் வாங்கினாலும் கடையிலிருந்து நேராக அவரிடம் கொண்டுபோகச் சொல்வேன். பெட்டியிலிருந்து வந்த சைக்கிளை ஒரு கைதேர்ந்த ஆள் முழுசாகப் பிரித்துப் பூட்டுகிற அந்த 300 ரூபாய், 21 கியருக்குக் கூடுதலாகக் கொடுக்கிற ஆயிரங்களைவிட மேலானது.

மழையில் ஒரே ஒரு குறை இருக்கிறது. முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்க நேரமாகும். நானே மழையில் ஓட்டிப் பார்த்தேன். காய்ந்த சாலையில் நிற்கிற தூரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. அதனால் நிறுத்த வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே லேசாகப் பிடித்துக்கொண்டே வந்து, ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் அழுத்த வேண்டும். அவளை அதே இடத்தில் பத்துத் தடவை செய்ய வைத்தேன். பிரேக் கட்டையும் மிருதுவான ரப்பராக மாற்றியாயிற்று.

விளக்கு அதைவிட முக்கியம். சர்க்கரை ஆலை அரைக்க ஆரம்பித்தால் கரும்பு டிராக்டர்கள் ராத்திரியெல்லாம் ஓடும். சாலையில் கரும்பும் அதன் காய்ந்த இலையான சோகையும் சிதறிக் கிடக்கும். பின்னால் சிவப்பு விளக்கு இல்லாத சைக்கிளை லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்? நெதர்லாந்தில் இருட்டில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு இல்லாமல் ஓட்டினால் அபராதம். அங்கிருந்து கொண்டுவந்த ஒரு ஜோடி விளக்கைப் போட்டிருக்கிறேன். பெடலில் மஞ்சள் பிரதிபலிப்பான் இருப்பதால், மிதிக்கும்போது அது மேலும் கீழும் அசைந்து தூரத்திலிருந்தே ஆள் போவது தெரியும்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை கரைபுரண்டதைக் கண்ணால் பார்த்தவள் அவள். சாலையில் தண்ணீர் ஓடினால் இறங்கிவிடு, முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் ஓட்டாதே, சைக்கிளை மேட்டில் விட்டுவிட்டு போன் போடு என்று அக்காவும் நானும் சொல்லியிருக்கிறோம். தண்ணீரில் முங்கினால் மறுநாளே அச்சைப் பிரித்துக் கிரீஸ் மாற்ற வேண்டும் என்று பெரியவரும் சொல்லி வைத்திருக்கிறார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெடல் ஸ்பானர் ஒன்றை அவள் பையில் போட்டேன். இடது பெடலைக் கழற்றி, கையால் நாலு சுற்று ஏற்றி, அப்புறம் ஸ்பானர் வைத்து இறுக்கிக் காட்டினாள்.